செயற்கைக்கோள் தொடர்பு: பொறியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் வரும் கணக்குகளில் பெரும்பாலானவை ஒரே இணைப்பைப் பற்றியவை. ஒரு முனையில் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15. 2015 நவம்பரில் ஏவப்பட்டது. கேயூ பட்டை எனும் அதிர்வெண் வரம்பில் 24 டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது சிக்னலை வாங்கிப் பெருக்கித் திருப்பி அனுப்பும் கருவிகள். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேனல்கள் இறங்குவது இதிலிருந்துதான். மறுமுனையில் சென்னையில் ஒரு மொட்டை மாடியில் 60 செ.மீ. டிஷ். கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டு இதே கணக்கை ஒரு முறை செய்து பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கே: 35,786 கி.மீ. என்ற எண் எங்கிருந்து வருகிறது?

பூமி தன் அச்சில் ஒரு சுற்று முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது, அதாவது 86,164 வினாடி. செயற்கைக்கோளும் அதே நேரத்தில் ஒரு சுற்று வர வேண்டும். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சுற்றுப்பாதை ஆரத்தின் கனம் = 398,600 × காலத்தின் வர்க்கம் ÷ 39.48. இதில் 398,600 பூமியின் ஈர்ப்பு மாறிலி, 39.48 என்பது 4π²; காலம் வினாடியில், ஆரம் கிலோமீட்டரில். விடை 42,164 கி.மீ. இது பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ.யைக் கழித்தால் 35,786.

தேர்வில் பலர் 24 மணி என்று போட்டுவிடுகிறார்கள். அது சூரியனை வைத்து அளக்கும் நாள். அப்படிப் போட்டால் ஆரம் 77 கி.மீ. கூடிவிடும். பார்க்கச் சின்னப் பிழைதான். ஆனால் அந்த உயரத்தில் விட்ட செயற்கைக்கோள் நாளுக்கு ஏறத்தாழ 1 டிகிரி மேற்கே நகர்ந்துகொண்டே போகும். ஒரே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலரைத் தாண்டியிருக்கும்.

கே: புவியொத்திசைவுப் பாதையும் புவிநிலைப் பாதையும் ஒன்றுதானே?

இல்லை. சுற்றுக் காலம் 23 மணி 56 நிமிடமாக இருந்தாலே புவியொத்திசைவு. புவிநிலை ஆக வேண்டுமானால் பாதை வட்டமாகவும் இருக்க வேண்டும், நிலநடுக்கோட்டுத் தளத்திலும் கிடக்க வேண்டும். தளம் சாய்ந்திருந்தால் தரையிலிருந்து பார்க்கும்போது செயற்கைக்கோள் தினமும் வானில் 8 போல ஒரு கோடு வரையும். 1963இல் போன சின்காம்-2 வெறும் புவியொத்திசைவு வகை. 1964இல் போன சின்காம்-3தான் முதல் புவிநிலைச் செயற்கைக்கோள்.

கே: ஒரு முறை நிறுத்திவிட்டால் அது அங்கேயே நிற்குமா?

நிற்காது. சூரியனும் சந்திரனும் இழுப்பதால் சுற்றுப்பாதைத் தளம் ஆண்டுக்குச் சுமார் 0.85 டிகிரி சாய்கிறது. பூமியின் நிலநடுக்கோடு கச்சிதமான வட்டம் அல்ல என்பதால் கிழக்கு மேற்காகவும் நகர்கிறது. இந்த நகர்வு இயல்பாக அடங்கும் இடங்கள் இரண்டே: கிழக்கு 75 டிகிரி, மேற்கு 105 டிகிரி. ஜிசாட்-15ஐச் சும்மா விட்டால் 75ஐ நோக்கி, அதாவது மேற்கே, சரிய ஆரம்பிக்கும்.

இதைத் திருத்தத்தான் எரிபொருள். வடக்கு தெற்குத் திருத்தத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மீட்டர்/வினாடி வேக மாற்றம் வேண்டும். கிழக்கு மேற்குக்கு இரண்டு மீட்டர்/வினாடி அளவே போதும். ஆகவே ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வடக்கு தெற்குக் கணக்குதான். மின்னணுப் பாகங்கள் நன்றாக இருக்கும்போதே எரிபொருள் தீர்ந்து ஓய்வு பெறுபவை நிறைய. கடைசிச் சொட்டுகளை மிச்சம் பிடித்து, சுமார் 300 கி.மீ. மேலே உள்ள கழிவுப் பாதைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். இன்சாட்-1ஏ இதற்கு எதிர்மாறான உதாரணம்: 1982 ஏப்ரலில் ஏவி, செப்டம்பரிலேயே திசைக் கட்டுப்பாட்டு எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்டது.

கே: சென்னையில் டிஷ்ஷை எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் திருப்ப வேண்டும்?

சென்னை: அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. செயற்கைக்கோளுடன் தீர்க்கரேகை வித்தியாசம் 13.23 டிகிரி.

முதலில் மையக் கோணம். அதன் கோசைன் = கோசைன்(13.08) × கோசைன்(13.23) = 0.948. கோணம் 18.5 டிகிரி.

உயரக் கோணத்தின் டேன்ஜென்ட் = (0.948 − 0.151) ÷ சைன்(18.5). இதில் 0.151 என்பது 6,378 ÷ 42,164. விடை சுமார் 68.3 டிகிரி; டிஷ் ஏறத்தாழ தலைக்கு மேலேயே பார்க்கும்.

திசைக் கோணத்துக்கு, டேன்ஜென்ட்(13.23) ÷ சைன்(13.08) = 1.039, அதாவது 46 டிகிரி. செயற்கைக்கோள் நமக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இருப்பதால் 180இலிருந்து கழிக்க வேண்டும்: வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 134 டிகிரி, ஏறத்தாழ நேர் தென்கிழக்கு. எங்கே கழிப்பது, எங்கே கூட்டுவது என்று தடுமாறினால் ஒரு வட்டம் போட்டு வரைந்து பாருங்கள்; சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்தான் இங்கே அதிகம் விழுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கோணம் உண்டு, பாடத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: எல்என்பியை (டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கிப் பெருக்கும் சிறு கருவி) சுழற்ற வேண்டிய கோணம். அதன் டேன்ஜென்ட் = சைன்(13.23) ÷ டேன்ஜென்ட்(13.08) = 0.985. சுமார் 44.6 டிகிரி! ஊர் ஊராக இது மாறும், சென்னைக்கும் 93.5க்கும் 45ஐ ஒட்டி விழுவது ஒரு தற்செயல், ஆனால் பொல்லாத தற்செயல். எல்என்பியைச் சுழற்றாமல் நேராக வைத்தால் செங்குத்து முனைவாக்கமும் கிடை முனைவாக்கமும் (முனைவாக்கம் என்பது அலையின் மின்புலம் அதிரும் திசை) சரிபாதியாகக் கலந்து உள்ளே வரும். வேண்டிய சிக்னலில் 3 டெசிபெல், அதாவது பாதிச் சக்தி, போவது சின்ன நட்டம். வேண்டாத சிக்னல் அதே வலிமையில் மேலே வந்து உட்காருவதுதான் பெரிய நட்டம். டிஷ்ஷின் பின்னால் நின்று வானைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். செயற்கைக்கோளின் ஆன்டெனாவே சற்றுச் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கலாம் என்பதால் கணக்கு ஆரம்ப இடத்தைத்தான் சொல்லும். முடிவை மீட்டர் சொல்லும்.

கே: கணக்கு சரி, டிஷ் மட்டும் வானத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டைப் பார்ப்பது போல் இருக்கிறதே?

அது ஆஃப்செட் டிஷ். முழுப் பரவளையத்தின் ஒரு பக்கத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தது. எல்என்பியின் நிழல் பரப்பில் விழாது. பார்வைத் திசை, தட்டின் முகத்தைவிட 20 முதல் 25 டிகிரி மேலே இருக்கும். ஆகவே 68 டிகிரிக்கு வைத்த டிஷ் கண்ணுக்கு 45 போலத் தெரியும். பிராக்கெட்டில் உள்ள அளவுகோல் பொதுவாக இந்தச் சாய்வைக் கழித்தே அச்சிடப்பட்டிருக்கும். மறுபடி நீங்கள் கழிக்க வேண்டாம்.

பொருத்தும்போது முதல் வேலை குழாயை ரசமட்டம் வைத்து நேர்குத்தாக நிறுத்துவது. குழாய் 3 டிகிரி சாய்ந்தால் அளவுகோல் காட்டும் உயரக் கோணமும் அந்த அளவுக்குப் பொய் சொல்லலாம். பிறகு எல்என்பியைச் சுழற்றி வையுங்கள், உயரக் கோணத்தைப் பூட்டுங்கள், பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தித் தேடுங்கள். திசைகாட்டியைக் குழாயிலிருந்தும் மாடிக் கம்பிகளிலிருந்தும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். இரும்பு முள்ளை இழுத்துவிடும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? கற்றை அகலம் = 70 × அலைநீளம் ÷ விட்டம். 11 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.73 செ.மீ.; 60 செ.மீ. தட்டுக்கு 3.2 டிகிரி. நடுவிலிருந்து 1.6 டிகிரி விலகினால் பாதிச் சக்தி போய்விடும். 1.6 டிகிரி என்றால் தட்டின் விளிம்பு 8 மி.மீ. நகர்வது. போல்ட்டை முடுக்கும்போதே அவ்வளவு நகர்ந்துவிடும். முடுக்கியபின் மீட்டரை மறுபடி பாருங்கள்.

கே: டிரான்ஸ்பாண்டருக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண வகையில், ஆன்டெனாவில் வந்த சிக்னல் வடிகட்டி, குறை இரைச்சல் பெருக்கி, அதிர்வெண் மாற்றி, சேனல்களைப் பிரிக்கும் வடிகட்டித் தொகுப்பு, உயர்சக்திப் பெருக்கி, மீண்டும் சேர்க்கும் வடிகட்டித் தொகுப்பு என்ற வரிசையில் போய் இறங்குகிறது. தகவலைப் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே வந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி அனுப்பும். சி பட்டையில் 6 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் ஏறி 4இல் இறங்க 2,225 மெகாஹெர்ட்ஸ் கழிக்கப்படுகிறது. 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 40க்கு ஒன்றாக 12 சேனல். ஒவ்வொன்றிலும் பயன்படுவது 36, மிச்சம் இடைவெளி. இரண்டு முனைவாக்கத்திலும் போட்டால் 24.

கே: மேலே ஏற்றும் அப்லிங்க் அதிர்வெண் ஏன் கீழே இறக்கும் டவுன்லிங்கைவிட அதிகம்?

“அதிர்வெண் கூடினால் பாதை இழப்பு கூடும், செயற்கைக்கோளில் மின்சாரம் குறைவு, அதனால் குறைந்த அதிர்வெண்ணைக் கீழே அனுப்புகிறோம்” என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மை. செயற்கைக்கோள் ஆன்டெனாவின் ஆதாயத்தை (சக்தியை ஒரே பக்கம் குவிக்கும் அளவை) அது மூட வேண்டிய நிலப்பரப்பு நிர்ணயிக்கிறது, அது மாறாது. கீழே இருக்கும் டிஷ்ஷின் அளவும் மாறாது என்று வையுங்கள். அதிர்வெண் இரட்டித்தால் பாதை இழப்பு 6 டெசிபெல் கூடும், டிஷ்ஷின் ஆதாயமும் அதே 6 டெசிபெல் கூடும். ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சும் காரணங்கள் வேறு: உயர்ந்த அதிர்வெண்ணில் மழை அதிகம் தின்னும், பெருக்கியின் திறனும் குறையும். தரையில் இருப்பவர் பெரிய பெருக்கி வைத்து ஈடுகட்டலாம், மேலே இருப்பவர் சூரியத் தகட்டை நம்பி இருக்கிறார்.

கே: லிங்க் பட்ஜெட்டை, அதாவது சிக்னலின் வரவு செலவுக் கணக்கை, ஒரு முறை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

தூரம்: முக்கோண விதிப்படி சென்னையிலிருந்து 36,173 கி.மீ.

பாதை இழப்பு = 92.45 + 20 மடக்கை(கி.மீ.) + 20 மடக்கை(ஜிகாஹெர்ட்ஸ்) = 92.45 + 91.17 + 20.83. ஏறத்தாழ 204.5 டெசிபெல்.

செயற்கைக்கோளின் இஐஆர்பி (பெருக்கியின் சக்தியும் ஆன்டெனாவின் ஆதாயமும் சேர்ந்த அளவு): கணக்குக்காக 52 டெசிபெல்-வாட் (1 வாட்டை அடிப்படையாக வைத்த டெசிபெல்) என்று வைப்போம். உண்மை வேலையில் இதை அந்தச் செயற்கைக்கோளின் பரப்பு வரைபடத்திலிருந்து, உங்கள் ஊர்க் கோட்டில் படித்து எடுக்க வேண்டும்.

டிஷ் ஆதாயம்: (3.1416 × 60 ÷ 2.73) ஐ வர்க்கப்படுத்தி 0.65 திறனால் பெருக்கினால் சுமார் 3,100, அதாவது 34.9 டெசிபெல்.

திசைப் பிழை, பிற சில்லறை இழப்புகள்: 1 டெசிபெல்.

வந்து சேரும் சக்தி = 52 − 204.5 − 1 + 34.9 = −118.6 டெசிபெல்-வாட். சுமார் 1.4 பைக்கோவாட். இதிலிருந்துதான் படம் வருகிறது.

இப்போது இரைச்சல். இரைச்சலை, அதே அளவு இரைச்சல் உமிழும் பொருளின் வெப்பநிலையாகச் சொல்வது வழக்கம்; அமைப்பின் மொத்த இரைச்சல் வெப்பநிலை 100 கெல்வின் என்போம் (இரைச்சல் எண் 0.6 டெசிபெல் உள்ள எல்என்பி 43 கெல்வின் தரும்; மிச்சம் வானமும் தரையும்). குறியீட்டு வேகம் (சிம்பல் ரேட்) வினாடிக்கு 2.75 கோடி. இரைச்சல் = −228.6 (போல்ட்ஸ்மன் மாறிலி) + 20 (வெப்பநிலை) + 74.4 (குறியீட்டு வேகம்) = −134.2 டெசிபெல்-வாட்.

இரண்டுக்கும் வித்தியாசம் 15.6 டெசிபெல். இது டவுன்லிங்க் மட்டும். அப்லிங்க் 25 என்றால் இரண்டையும் டெசிபெல்லிலேயே கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. சாதாரண எண்ணாக மாற்றி, தலைகீழிகளைக் கூட்டி, மறுபடி திருப்ப வேண்டும். 36.3, 316 ஆகியவை சேர்ந்து 32.6, அதாவது 15.1 டெசிபெல். பலவீனமான பக்கம்தான் எப்போதும் விடையைத் தீர்மானிக்கும்.

டிவிபி-எஸ்2 என்ற ஒளிபரப்புத் தரத்தில் 8பிஎஸ்கே பண்பேற்றம், 3/4 பிழைதிருத்தக் குறியீட்டுக்கு வேண்டியது 7.9 டெசிபெல். ரிசீவரின் குறைபாட்டுக்கு 1 சேர்த்தால் 8.9. கையிருப்பு 6.2 டெசிபெல்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறுகள்: தூரத்தை மீட்டரில் போட்டு 92.45ஐயே வைத்துக்கொள்வது, டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபெல்), டெசிபெல்-வாட் இரண்டையும் கலந்து 30 டெசிபெல்லை எங்கோ தொலைப்பது, ஜி/டியில் (ஆதாயத்தை இரைச்சல் வெப்பநிலையால் வகுத்தது) டிஷ் ஆதாயத்தைச் சேர்த்தபின் தனியாகவும் ஒரு முறை கூட்டிவிடுவது.

கே: 6 டெசிபெல் கையிருப்பு இருந்தும் மழையில் ஏன் படம் போகிறது?

மழை இரண்டு கையால் அடிக்கிறது. முதல் அடி, சிக்னலைக் குறைப்பது: 3 டெசிபெல் என்று வைப்போம். இரண்டாவது அடி பலருக்குத் தெரிவதில்லை. தெளிந்த வானம் மிகக் குளிர்ச்சி. மழைத்துளிகளோ 275 கெல்வின் அளவில் இருக்கும் வெதுவெதுப்பான பொருள். 3 டெசிபெல் தின்னும் மழை 275 × 0.5, அதாவது சுமார் 137 கெல்வின் இரைச்சலைத் தானே உமிழும். 100 ஆக இருந்த வெப்பநிலை 230 பக்கம் போய்விடும்; அது இன்னொரு 3.6 டெசிபெல். மொத்தம் 6.6. டவுன்லிங்க் 15.6இலிருந்து 9.0க்கு வரும், அப்லிங்கையும் சேர்த்தால் 8.9. நமக்கு வேண்டியதும் அதே 8.9. படம் கட்டம் கட்டமாக உடையும் இடத்தில் சரியாக நிற்கிறோம்.

90 செ.மீ. டிஷ் போட்டால் 3.5 டெசிபெல் கூடும். எல்என்பியின் இரைச்சல் எண்ணை 0.6இலிருந்து 0.3 ஆக்கினால் தெளிந்த வானில் ஏறத்தாழ 1 டெசிபெல் கிடைக்கும்; மழையில் அதுவும் பாதியாகத் தேயும். கடையில் “0.1 டெசிபெல்” என்று அட்டையில் அச்சிட்ட எல்என்பிக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிடத் தட்டைப் பெரிதாக்குவது மேல்.

கே: எல்என்பியை ஏன் டிஷ்ஷின் முனையிலேயே வைக்க வேண்டும்? பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாதா?

6 டெசிபெல் இழப்புள்ள கேபிள் 290 × 3 = 870 கெல்வின் இரைச்சலுக்குச் சமம். எல்என்பிக்கு முன்னால் வந்தால் அந்த 870உம் முழுதாகச் சேரும். 55 டெசிபெல் ஆதாயமுள்ள எல்என்பிக்குப் பின்னால் வந்தால் அதை 3,16,000ஆல் வகுக்க வேண்டும், 0.003 கெல்வின்கூட இல்லை. ஃபிரீஸ் சூத்திரம் சொல்வது இவ்வளவுதான்: வாசலில் நிற்பவன் நல்லவனாக இருந்தால் போதும். அதே காரணத்தால் எல்என்பி மூடியில் படிந்த ஈரம் 0.5 டெசிபெல் தின்றாலே 35 கெல்வின் ஏறிவிடும்.

எல்என்பி அதிர்வெண்ணையும் இறக்குகிறது. 11,000 மெகாஹெர்ட்ஸில் உள்ளூர் அலையியற்றியின் 9,750ஐக் கழித்தால் 1,250. ரிசீவர் ஏற்கும் 950–2,150க்குள் வருகிறது. ரிசீவரிலிருந்து அதே கேபிளில் மேலே போகும் மின்னழுத்தம் 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 என்றால் கிடை. 22 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேர்ந்தால் 10,600 அலையியற்றிக்கு மாறும். கேபிள் நீண்டு, மூட்டுகளில் துரு ஏறி, 18 வோல்ட் 14க்கு இறங்கினால் பாதிச் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். டிஷ்ஷைத் திருப்பி மல்லுக்கட்டும் முன் எல்என்பி முனையில் மல்டிமீட்டரை வையுங்கள்.

கே: சூரியக் குறுக்கீடும் கிரகணமும் ஒன்றா?

எதிரெதிர். குறுக்கீட்டின்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து டிஷ்ஷுக்குள் இரைச்சலைக் கொட்டும். பகலில், சில நிமிடம், தொடர்ந்து சில நாள். சென்னையிலிருந்து பார்த்தால் மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் வரும். கிரகணத்தில் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகிறது; சம இரவு நாட்களை ஒட்டி சுமார் 45 நாள், நாளுக்கு அதிகபட்சம் 72 நிமிடம். பேட்டரி ஓட்டும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கே: பெருக்கியை முழு சக்தியில் ஓட்டாமல் ஏன் குறைத்து ஓட்டுகிறார்கள்?

ஒரே டிரான்ஸ்பாண்டரில் பல அலைகள் போனால், அதாவது எஃப்டிஎம்ஏ முறையில், முழு சக்தியை ஒட்டிய இடத்தில் பெருக்கியின் வளைவு நேர்கோடாக இருக்காது. இரண்டு அலைகள் கலந்து புதிதாக அலைகளைப் பெற்றெடுக்கும். முதல் அலையின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது பக்கத்துச் சேனலிலேயே போய் விழும், வடிகட்ட வழியில்லை. அதனால் சில டெசிபெல் பின்வாங்கி ஓட்டுகிறார்கள். நேரத்தைப் பங்கிடும் டிடிஎம்ஏயில் ஒரு நேரத்தில் ஒரே அலை என்பதால் முழு சக்தி கிடைக்கும்; விலையாக எல்லா நிலையங்களும் நேரத்தைத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும்.

கே: தாமதம் எவ்வளவு?

ஏறி இறங்க 72,346 கி.மீ.; 241 மில்லிவினாடி. கேட்டுப் பதில் வர 483. தொலைக்காட்சிக்கு இது பொருட்டே இல்லை. இணையத்தில் வலிக்கும்: சாளர விரிவாக்கம் (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் அளவைக் கூட்டும் வசதி) இல்லாத டிசிபி இணைப்பு ஒரு தடவைக்கு 65,535 பைட்தான் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும், ஆகவே அலைவரிசை எவ்வளவு இருந்தாலும் வினாடிக்கு 1.1 மெகாபிட்டைத் தாண்டாது.

550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் வகையில் நேர் மேலே இருக்கும்போது ஏறி இறங்க 4 மில்லிவினாடிகூட ஆகாது. ஆனால் அது வினாடிக்கு 7.6 கி.மீ. ஓடுகிறது, ஒன்று போனால் இன்னொன்றுக்குச் சில நிமிடங்களில் தாவ வேண்டும், 12 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 250 கிலோஹெர்ட்ஸ் டாப்ளர் நகர்வையும் (ஓட்டத்தால் அதிர்வெண் மாறுவதையும்) சமாளிக்க வேண்டும். நிலையாகத் திருப்பிவைத்த தட்டு இங்கே உதவாது.

கே: ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றியது லாரி இல்லாததாலா?

இல்லை. 1981 ஜூனில் ஏரியன் ராக்கெட்டில் போன இந்தியாவின் அந்த முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் ஆன்டெனாவைச் சோதிக்க, சுற்றிலும் உலோகம் இல்லாத மேடை வேண்டியிருந்தது. உலோகம் அலைகளைத் திருப்பி அடித்து அளவீட்டைக் கெடுக்கும். மரவண்டி அந்த வேலையைச் சுத்தமாகச் செய்தது.

கே: மீட்டரில் சிக்னல் வலிமை 90 சதவீதம் காட்டுகிறது, படம் இல்லை. எதைப் பார்ப்பது?

வலிமை என்பது கேபிளில் வரும் மொத்தச் சக்தி. எல்என்பி இரைச்சலையும் 55 டெசிபெல் பெருக்குவதால், வெறும் வானத்தைக் காட்டினாலும் பட்டை ஏறும். பார்க்க வேண்டியது தரம் என்ற இரண்டாவது பட்டை. தரம் பூஜ்ஜியமாக இருந்தால் முதலில் ரிசீவரில் அலையியற்றி அமைப்பைப் பாருங்கள்: 10,600 மட்டும் போட்டிருந்தால் 11,000இல் உள்ள சேனல் 400இல் தேடப்படும், கிடைக்கவே கிடைக்காது. அடுத்து குறியீட்டு வேகமும் முனைவாக்கமும். அவை சரி என்றால் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கலாம், 3.2 டிகிரி கற்றைக்கு அது மிகச் சுலபம். தரம் 20, 30 என்று ஆடினால் எல்என்பியை ஒவ்வொரு தடவையும் 5 டிகிரி சுழற்றுங்கள். சென்னையில் பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.